நாலு உருப்படி

அவரை எனக்குப் பிடிக்காது. அவரிடம் வேலை பார்த்தபோதும் பிடிக்கவில்லை, விட்டு வந்த பிறகும் பிடிக்கவில்லை. ‘அவர்’ என்று எழுதுவதுகூட மரியாதைக்காக இல்லை. சம்பளம் வாங்கிய காலத்துப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். இங்கேயும் மேடமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மேடத்திடம் யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்விதான் வரும். “இது எதுல சேரும்?” எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல், பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் பிடிக்கத் தாமதமாகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னேன். முகத்தை நிமிர்த்தாமல், “பெண்களின் பராமரிப்புச் சுமை” என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் அம்மாவின் காய்ச்சலை அவர் மனசுக்குள் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார் என்று. காய்ச்சல் விட்டதா என்று அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒருமுறை டீயை ஆற்றியபடியே, மகனும் மருமகளும் திருப்பூருக்குப் போனதிலிருந்து போனே பண்ணுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மேடம் உச்சுக்கொட்டினார். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது என் காதோரம், “இடப்பெயர்வு, உறவுச் சிதைவு, ரெண்டுலயும் போடலாம்” என்றார். பாவம், அந்த மனிதர் அன்றைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று மல்லுக்கட்டினார்.

நாங்கள் செய்த வேலை அதுதான். ஊர் ஊராகப் போய் மக்களைப் பேசவிட்டுப் பதிவு செய்வது. வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வது. பிறகு மேடம் அதை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்னப் பெயர் வைப்பார். ஒரே மாதிரிப் பெயர்களை ஒன்று சேர்த்தால் ஒரு கூட்டம். கூட்டங்களைச் சேர்த்தால் ‘தீம்’. அந்தத் தீம்களை வைத்து அறிக்கை. அருப்புக்கோட்டையில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கூடம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் நிறத் துண்டுக் காகிதங்களை ஒட்டி வைத்திருந்தார். சுவரில் சுண்ணாம்பு தெரியாது. வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தால் வாசலோடு நின்றுகொள்வார். உள்ளே ஏதோ மாந்திரீகம் நடக்கிறது என்று அவருக்குச் சந்தேகம்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. திருச்சுழிக்குத் தெற்கே, தரிசாகக் கிடந்த கரிசல் நிலத்தையெல்லாம் சூரிய மின்சாரத் தகடு பதிக்க ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருந்தது. பட்டா வைத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம். மழையை நம்பிப் போட்டு நட்டப்படுவதற்கு, போடாமலே பணம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்தத் தரிசில்தான் ஊர் ஆடுகள் மேய்ந்தன. அதன் வழியாகத்தான் கண்மாய்த் தண்ணீருக்குப் போயின. மேய்ச்சல் பிழைப்பு அங்கே உண்டு என்று எங்கள் அறிக்கை சொன்னால், கம்பெனி நடுவில் ஒரு பாதையும் கண்மாய்க் கரையோரம் ஒரு பகுதி நிலமும் விட வேண்டும். இல்லை என்று சொன்னால் மொத்தத்தையும் வளைத்து வேலி. இதைத் தீர்மானிக்கப் போவது மேடத்தின் சுவர்.

அவரைச் சோம்பேறி என்றோ அரைகுறை என்றோ சொல்ல எனக்கு ஆசைதான். முடியவில்லை. ஒரு நாள் கரண்டு போயிருந்த நேரத்தில் யாரோ மின்விசிறி சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டார்கள். கரண்டு வந்ததும் சுவரில் பாதி காகிதம் பறந்துவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவர் தரையில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முதல் சொல்லைப் பார்த்ததுமே, எது எங்கே இருந்ததோ அங்கேயே ஒட்டினார். எந்த ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று அவ்வளவு துல்லியமாக அவருக்கு நினைவிருந்தது. சொன்னவர்களின் முகம் மட்டும் நினைவிருக்காது. முந்தின வாரம் மணிக்கணக்காகப் பேட்டி கொடுத்தவர் எதிரே வந்து கும்பிட்டால், யாரோ வழி கேட்கிறார்கள் என்பதுபோலப் பார்ப்பார்.

இன்னொரு நாள் அழுதார். பருத்தி போட்டு அடுத்தடுத்து அழிந்துபோன ஒரு சம்சாரியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எனக்கே மனசு இளகிவிட்டது, சரி, இந்த அம்மாவுக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சியபடி கத்தரிக்கோலை எடுத்தார். தட்டச்சு செய்திருந்த தாளில் அந்த மனிதர் உடைந்துபோய்ச் சொன்ன வரியை மட்டும் வெட்டி எடுத்து, ‘இழப்பு’ என்று எழுதிய ரோஸ் காகிதத்துக்குக் கீழே ஒட்டினார். மிச்சத் தாள் குப்பைக்கூடைக்குப் போனது. கோபம் வந்தது எனக்கு, ஆனால் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.

பேச்சியம்மாவை அந்தச் சமயத்தில்தான் பேட்டி எடுத்தோம். தரிசை ஒட்டிய அந்த ஊரிலேயே பெரிய ஆட்டுப்பட்டி அவருடையது. புருசன் இல்லை. பிள்ளை இல்லை. ஆடுதான் எல்லாம். வெயிலில் கறுத்து வற்றிய உடம்பு, கையில் தொரட்டி, யாரையும் ஏற இறங்கப் பார்க்கும் கண். ரேஷன் கடை நிழலில் உட்கார வைத்து மேடம் ரிக்கார்டரை நீட்டினார்.

“உங்ககிட்ட ஆடு எவ்வளவும்மா இருக்கு?”

“என்னத்த, ஏதோ நாலு உருப்படி கெடக்கு. அதப் பத்திக்கிட்டுப் பொழுது போகுது.”

“நாலுதானா?”

“நாலுதேன்.”

அவர் இதைச் சொல்லும்போது பின்னால் ரோட்டோரக் கருவைக் காட்டுக்குள் அவருடைய ஆடுகள் கத்திய கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடு வைத்திருக்கும் யாரும் எங்கள் பக்கம் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்பட்டுவிடும். பட்டி அடையும்போது ஒன்று குறைந்தால் பார்வையிலேயே தெரிந்துவிடும், எண்ண மாட்டார்கள். வெளியாள் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான், நாலு உருப்படி. ஊசி போட வரும் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் கேட்கவே மாட்டார். மருந்துக் குப்பி எத்தனை காலியானது என்று பார்த்து அவரே எழுதிக்கொள்வார்.

அந்தப் பதிவைத் தட்டச்சு செய்தபோது ஆடுகள் கத்தியதை என்னவென்று போடுவது என்று கேட்டேன். “பின்னணி இரைச்சல்னு அடைப்புக்குறிக்குள்ள போடு” என்றார் மேடம்.

அடுத்தடுத்து எடுத்த பேட்டிகள் எல்லாவற்றிலும் நாலு உருப்படி வந்தது. மேடத்துக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சுவருக்கு முன்னால் வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடந்தார்.

“ஒரே வார்த்தை, எஸ்தர். எல்லார் வாயிலயும் அதே வார்த்தை. இவ்வளவு சுத்தமான பேட்டர்ன் நான் பாத்ததே இல்ல.”

பச்சைக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்: மேய்ச்சல் பெயரளவுக்கு மட்டும்.

“மேடம், அவங்க நெசத்த சொல்லல. எண்ணிக்கைய வெளிய சொல்ல மாட்டாங்க. கண்ணு பட்டுரும்னு பயம்.”

“அப்படி யாராவது பேட்டியில சொல்லியிருக்காங்களா? எந்த ஊர், எந்தப் பக்கம்? வரியக் காட்டு.”

“சொல்ல மாட்டாங்க மேடம். அதானே விஷயம்.”

“அப்ப அது உன் அபிப்ராயம். மக்கள் சொல்றத நாம சந்தேகப்படக் கூடாது, எஸ்தர். அவங்க குரலுக்கு மரியாதை குடுக்கணும்.”

எவ்வளவு மென்மையாகச் சொன்னார் தெரியுமா? அந்த மென்மைக்கே ஓங்கி ஒன்று கொடுக்கலாம்போல இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டால் தெரியுமே என்றேன். எண்ணுவது நம் வேலை இல்லை, நாம் செய்வது பண்புசார் ஆய்வு, பேச்சில் இருந்து பொருளைக் கண்டுபிடிப்பது என்று பாடம் எடுத்தார். எண்ணுவது வேலை இல்லையாம், ஆனால் நாலு மட்டும் சுவரில் ஏறிவிட்டது.

நான் தனியாகப் போய்ப் பேச்சியம்மாவைப் பார்த்தேன். தொரட்டியால் கருவக்காய் உலுக்கிக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, ஆடே இல்லன்னு எழுதிட்டாகன்னா வேலி போட்டுருவாக. பாதையும் கெடைக்காது, கம்மாக்கரையும் கெடைக்காது. மறுபடி ஒருக்கா வாரோம், சரியாச் சொல்லுங்க.”

“அதுக்கு? மைக்க நீட்டுனா எண்ணிக் குடுத்துருவாகளா? நல்லாருக்கே கத.” தொரட்டியைத் தோளில் சாய்த்தார். “ஏத்தா, அவுகளுக்குக் கண்ணு இருக்குல்ல? சாயங்காலம் வந்து ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போகச் சொல்லு. பாக்குறதுக்கு என்ன காசா?”

எனக்கு அது சரியென்று பட்டது. மறுநாள் வேண்டுமென்றே பேட்டியை இழுத்தடித்து, பொழுது சாயும் நேரத்துக்குக் கார் அந்த ரோட்டில் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். திரும்பியதும் ஆடுகள். முன்னால் பேச்சியம்மா, பின்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு அவருடைய பட்டி முழுவதும். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். கார் கண்ணாடியில் ஆடுகள் உரசிக்கொண்டு போயின. பேச்சியம்மா அவசரமே படவில்லை. பார்க்கட்டும் என்று நிதானமாகப் பத்தினார்.

மேடம் மடியில் தாள்களை வைத்துப் பச்சைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கார் நின்றதும் நிமிர்ந்தார். செம்மண்ணும் கரிசலும் கலந்த புழுதியில் மாலை வெளிச்சம் அன்றைக்கு நிஜமாகவே அழகாக இருந்தது.

“ஐயோ, என்ன லைட்டு!” போனை எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் படம் பிடித்தார்.

“மேடம், இது அத்தனையும் பேச்சியம்மா ஆடு. நாலுன்னு சொன்னாங்களே, அவங்கதான்.”

“அதெப்படி? ஊர் ஆடெல்லாம் சேந்து போகுது, எஸ்தர். எல்லா வீட்டு நாலும்.” போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “அதோட, நான் பாத்தது தரவு இல்ல. அவங்க சொன்னதுதான் தரவு.”

அவர் மறுபடி குனிந்து கோடு போட ஆரம்பித்தார். வெளியே கடைசி ஆடு போய்முடிகிறவரை கார் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அறிக்கை அச்சாகி வந்து, திருச்சுழியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி ஆட்கள் முன்வரிசையில். ஊர்க்காரர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்பதால் நல்ல கூட்டம். வாசலில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். வழுவழுவென்ற தாள். அட்டையில் மேடம் காரிலிருந்து எடுத்த படம்.

பேச்சியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“ஏத்தா, இது நம்ம மொட்டக்காது தான?”

“ஆமா பெரியம்மா.”

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. படத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்து, இது செவலை, இது போன வருசத்துக் குட்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, “உள்ள என்ன போட்டுருக்கு, என் ஆட்டப் பத்தி?” என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டி, ‘மேய்ச்சல் இப்பகுதியில் பெயரளவுக்கே உள்ளது’ என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அட்டையை மூடி மறுபடி படத்தைப் பார்த்தார். மேடையில் மேடம் அழகாகப் பேசி முடித்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

பேச்சியம்மா எழுந்தார். பின்னால் இருந்த அவருடைய கொழுந்தன் சேலையைப் பிடித்து இழுத்தார். “மதினி, சும்மா உக்காருங்க.” தட்டிவிட்டார். சபைக்கு நடுவில் நின்று, வெள்ளாடு இத்தனை, செம்மறி இத்தனை, குட்டி இத்தனை என்று கணீரென்று சொன்னார். எத்தனை என்று நான் இங்கே எழுத மாட்டேன். பக்கத்து வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் பேச்சியம்மா, தன் ஆடுகளின் தலையை எடுத்துச் சபையில் வைத்துவிட்டதுபோல நின்றார்.

மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பேச்சியம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றிம்மா. உங்க குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.”

பிறகு சுற்றிப் பார்த்து, “வேற யாராவது?” என்றார். பட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர் ஒருவர், இதனால் அறிக்கையில் ஏதாவது மாறுமா என்று கவலையோடு கேட்டார்.

“ஒரு தனிக்குரல்தான். மதிச்சுப் பதிவு பண்ணிக்கலாம். தீம் மாறாது” என்றார் மேடம். கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து எழுதி, புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ‘மற்றவை’ என்று தலைப்பு. அந்தச் சொல்லை அன்றைக்கு நான் வெறுத்ததுபோல வேறெந்தச் சொல்லையும் வெறுத்ததில்லை. மறுநாள் வேலையை விட்டேன்.

வேலி வந்தது. பாதை விடவில்லை. கண்மாய்க்குப் போக ஆடுகள் தார்ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தன. லாரியில் அடிபட்டன, இளைத்தன, சினை ஆடுகள் காலத்துக்கு முன்பே குட்டியை விசிறின. ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. வீரசோழனிலிருந்து ஆட்டு யாபாரம் பார்க்கும் பாய் ஒருவர் மினி லாரியோடு வந்தார். அவர் எத்தனை என்று கேட்கவில்லை. பட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார், ஒரு விலை சொன்னார். மொட்டைக்காதை ஏற்றும்போது மட்டும் பேச்சியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. “சபையில எண்ணிச் சொன்னா, பட்டியே போச்சு” என்று பேசியது. வேலி போட்ட கம்பெனியைக் குறை சொல்லவில்லை, புத்தகம் போட்ட மேடத்தைச் சொல்லவில்லை. எண்ணியது அவர், போனது அவர் ஆடு. இதைவிடச் சுத்தமான பேட்டர்ன் வேறென்ன வேண்டும்? பேச்சியம்மாவும் அதை நம்பினார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன வருசம் மேடம் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புது ஆய்வாம், இந்தப் பக்கம் மேய்ச்சல் பிழைப்பு ஏன் அழிந்தது என்று. முடியாது என்று போனை வைத்துவிட்டேன். சாயங்காலமே பேச்சியம்மாவிடமிருந்து ஆள் வந்தது. “அந்தப் பொம்பள வருதாம். நீயும் வந்து கூட இரு” என்று. போனேன்.

காலிப் பட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மேடம். பேச்சியம்மாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சபையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், புதிதாகப் பார்ப்பவரைப்போல வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, ரிக்கார்டரைப் போட்டார்.

“முன்னாடி உங்ககிட்ட ஆடு எவ்வளவும்மா இருந்துச்சு?”

பேச்சியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பட்டியைப் பார்த்தார். படல் கட்டியிருந்த கயிறு இற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னத்த, ஏதோ நாலு உருப்படி கெடந்துச்சு.”

மேடத்தின் முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம் வந்தது. என் பக்கம் சாய்ந்து, “ஞாபகம் இருக்கா எஸ்தர்? அன்னைக்கும் எல்லாரும் இதேதான் சொன்னாங்க. ஒரு வார்த்தை மாறல பாரு” என்றார். வாயைத் திறந்தேன். பேச்சியம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். இனி யாருக்கும் எதுவும் சொல்லாதே என்ற அழுத்தல். வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் ஹெட்போனை மாட்டி, பதிவானதைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. போன தடவ மாதிரி பின்னணி இரைச்சலே இல்ல.”